டெலெக்ஸ் மாஸ்டரும் மூன்று வீட்டு மெயிலும்

உலகத்தில் கம்பியூட்டரைக் கண்டு பயந்தவர்கள் கோடிப் பேர். கம்பியூட்டரே கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் டெலெக்ஸ் மாஸ்டர்தான். அவர் அறைக்குள் கால் வைத்தால் சேர்வர் முரண்டு பிடிப்பதை விட்டுவிட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பாதவர்களுக்கு மெயில் வருவதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கண்டியில் கறுவா, கராம்பு, மிளகு, சாதிக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் நான் கப்பல் பத்திரம் எழுதும் கிளாக்கராக இருந்தேன். கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவேன். முதலாளி ஒரு ஹாஜியார். மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள், ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. தந்தி போல வெளிநாட்டுக்குச் செய்தி அடிக்கும் டெலெக்ஸ் மெஷினை இயக்க வந்து சேர்ந்தவர். மெஷின் செத்துப் பழைய இரும்புக்குப் போன பிறகும் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மெயிலில் பேசாதவர்களோடு இனி வியாபாரம் இல்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லத் தொடங்கிய காலத்தில், ஹாஜியாருடைய மகளைக் கட்டிய கொழும்பு மருமகன் ஒரு யோசனையோடு வந்தார். மெயில் எல்லாம் கொழும்பில் இருந்தால் லேசு, கண்டிக் கந்தோரை மூடிவிட்டு ஆட்களைக் கொழும்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பினார்.

"அதை இஞ்சயே செய்யலாம். நான் படிச்சுச் செய்யிறன்."

"உங்களுக்கு அதப் பத்தி என்ன தெரியும்?" என்று மருமகன் கேட்டார்.

"ஒண்டும் தெரியாது. அதாலதான் படிக்கிறன் எண்டு சொல்லுறன்."

ஹாஜியார் சிரித்துவிட்டு ஒரு வருடம் தவணை கொடுத்தார். அது மாஸ்டருக்கு வெறும் வேலைப் பிரச்சினை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். எண்பத்து மூன்றில், தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில், கொழும்பில் அவருடைய வாடகை வீடு எரிந்தது. படித்த சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் ஒரே படம், எல்லாம் ஒரே பிற்பகலில் போயின. அதற்குப் பிறகு அவர் கொழும்பில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. கந்தோர் கொழும்புக்குப் போனால் மாஸ்டர் வேலையை விடுவார், ஊருக்கும் போக முடியாது, யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்தது.

படிப்பு தொடங்கியது. தலையணை மொத்தத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல மண்ணிறத் தாளில் அட்டை போட்டு, பஸ்ஸில் வாய்விட்டுப் படித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வேதப் புத்தகம் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மிளகுக் களஞ்சியத்தில் சாக்குகளுக்கு நடுவே ஒரு பழைய கம்பியூட்டரை வைத்து ஒத்திகை பார்த்தார். தினமும் காலையில் அதைக் கெடுப்பார், பின்னேரத்துக்குள் திருத்துவார். மிளகுத் தூளில் தும்மிக்கொண்டே வெளியே வந்து, "இண்டைக்கும் செத்தது, இண்டைக்கும் எழும்பிச்சு" என்று அறிவிப்பார்.

திட்டமிடாமல் சேர்வர் வைப்பது அத்திவாரம் இல்லாமல் வீடு கட்டுவது என்று புத்தகம் சொன்னதாம். ஆகவே ஒவ்வொரு மேசையாக விசாரணைக்கு வந்தார். சோனக முஸ்லிமான என்னை அவர் எப்போதும் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, ஒரு நாளைக்கு எத்தினை மெயில் எழுதுவீங்கள்?"

"நான் இன்னும் ஒண்டும் எழுதினதில்லயே மாஸ்டர்."

"எழுதினா எண்டு வைப்பம்."

"ரெண்டு மூணு ஈக்கும்."

"படம் கிடம் அனுப்புவீங்களோ? வீட்டில கலியாணம் ஏதும் வருதோ?"

"மகளுக்கு எட்டு வயசு மாஸ்டர்."

"அப்ப பத்து வருசத்தில உங்கட பெட்டியைப் பெருப்பிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். என் மகளின் கலியாணத்தைப் பற்றி முதலில் யோசித்தவர் அவர்தான். நான் அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

விலாசம் வைப்பதில் பெரிய சிக்கல் வந்தது. எங்கள் கந்தோரில் மொஹமட் மட்டும் நான்கு பேர். முழுப் பெயர் வைப்போம் என்று நான் சொன்னேன். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"விலாசத்தில பேர் வேண்டாம் நானா. பேரைப் பார்த்து வீடு தேடி வந்த காலம் ஒண்டு இருந்தது."

அதனால் எல்லோருக்கும் சரக்குப் பெயர் வைத்தார். நான் கராம்பு. பேராதனையிலிருந்து வரும் சிங்களக் கணக்காளர் பண்டார மாத்தயா சாதிக்காய். ஹாஜியார் கறுவா. ஜெர்மனியில் இருந்தவர்கள் எனக்கு "அன்புள்ள கராம்பு அவர்களே" என்று எழுதினார்கள். என் மனைவி பாரிதாவும் கோபம் வரும்போது அப்படியே கூப்பிடத் தொடங்கினாள்.

இனி மணி. அந்த நாட்களில் மெயில் எழுதிய உடனே பறந்து போகாது. சேர்வரில் சேர்ந்து கிடக்கும், தொலைபேசி லைனில் கொழும்புக்கு அடித்து ஒன்றாக அனுப்ப வேண்டும். மாஸ்டர் அதைக் காலையில் ஒரு கட்டு, பின்னேரம் ஒரு கட்டு என்று வைத்துக்கொண்டார். கட்டுப் போகுமுன் ஒரு வெண்கல மணியை அடிப்பார். மணிக்குப் பிறகு எழுதியவர் அடுத்த கட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் ஹாஜியாரே பிந்திவிட்டார்.

"மாஸ்டர், டுபாய்க்கு ஒரு அவசர மெயில்."

"கட்டுப் போயிட்டுது ஹாஜியார்."

"நான் முதலாளி மாஸ்டர்."

"ஓம். முதலாளிக்கும் மணி கேட்கும்தானே."

ஹாஜியார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அவர் பத்து நிமிடம் முந்தியே எழுதி முடித்தார். மருமகனோ கொழும்பிலிருந்து எல்லோருக்கும் ஒரு யானைக்குட்டியின் படம் அனுப்ப, அது லைனை அடைத்துக்கொண்டு அரை நாள் கிடந்தது. மாஸ்டர் யானையை அழித்துவிட்டு, மிருகங்களை அனுப்பக் கூடாது என்று மருமகனுக்குப் பதில் போட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான பைத்தியம் பிரதி எடுப்பதில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சேர்வரில் இருக்கும் எல்லா மெயிலையும் சின்னச் சின்னக் கசெட்டுகளில் மூன்று பிரதி எடுப்பார். ஒன்று என் கையில், கெலிஓயாவுக்கு. ஒன்று பண்டார மாத்தயாவிடம், பேராதனைக்கு. ஒன்று தேநீர் ஊற்றும் பெரியசாமியிடம், கம்பளைக்கு. அடுத்த வெள்ளி பழையதைக் கொண்டு வந்து புதியதை வாங்கிப் போக வேண்டும்.

"மூணு பேர் என்னத்துக்கு மாஸ்டர்? என்ட வீட்டில மூணையும் வெச்சிக்கிறேனே" என்று நான் கேட்டேன்.

"உங்கட வீடு சோனக வீடு. பெரியசாமியின்ர தமிழ் வீடு. மாத்தயாவின்ர சிங்கள வீடு. எந்தக் கலவரம் வந்தாலும் மூண்டையும் ஒரே நாளில எரிக்கமாட்டாங்கள் நானா."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தில் பிரதியை வேறு இடத்தில் வை என்றுதான் இருந்ததாம். யார் வீட்டில் வைப்பது என்று சொல்ல, அதை எழுதியவனுக்கு எங்கள் நாடு தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கசெட்டால் ஒருமுறை இராணுவச் சோதனைச்சாவடியில் மாட்டினோம். அன்று கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அவரும் என்னோடு பஸ்ஸில் வந்தார். ஆமிக்காரர் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார், என் பையைத் திறந்தார், கசெட்டை எடுத்து இது என்ன என்று கேட்டார். நான் அவசரமாக என் கந்தோர் அட்டையைத் தேடினேன். மாஸ்டருக்கோ கேள்வி கேட்க ஒருவர் கிடைத்த சந்தோஷம். சிங்களத்தில் ஆரம்பித்தார். மெயில் என்றால் என்ன, அது எப்படிச் சேர்கிறது, பெட்டி நிரம்பினால் என்ன ஆகும், ஏன் ஒரு பிரதி போதாது. ஆமிக்காரர் தனக்கு மேலே இருந்த பெரியவரைக் கூப்பிட்டார். மாஸ்டர் அவருக்கு முதலிலிருந்து சொன்னார். கடைசியில் பெரியவர் கசெட்டை என் கையில் வைத்து, "மல்லி, இந்த ஐயாவைக் கூட்டிக்கொண்டு போ" என்று சிங்களத்தில், தம்பி முறை வைத்து, கெஞ்சாத குறையாகச் சொன்னார். பஸ்ஸில் ஏறிய பிறகு மாஸ்டர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, அது இருக்கிறதா என்று இறங்கும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

வருடம் முடிய இருந்த வாரம், தவணைக் கணக்குப் பார்க்க மருமகன் வந்தார். வந்தது திங்கட்கிழமை. அன்று பிற்பகல் ஹந்தானை மலைப் பக்கமிருந்து ஓர் இடி இடித்தது. தொலைபேசி லைன் வழியே வந்த மின்னல் சேர்வரைப் பொசுக்கிவிட்டது. அறையெல்லாம் கருகல் மணம். அந்த ஆண்டுக் கராம்பு ஒப்பந்தம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் பின்னேரத்துக்குள் ஜெர்மனிக்கு உறுதி சொல்லாவிட்டால் சரக்கு எங்கள் தலையில்.

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்ன மாமா. கொழும்புக்கு எடுத்துடுவோம்" என்றார் மருமகன்.

ஹாஜியார் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் களஞ்சியத்தைப் பார்த்தார்.

"நாளைக்குப் பின்னேரக் கட்டு வரைக்கும் பொறுங்கோ" என்றார். "காலமை மூண்டு பேரும் கசெட்டோட வாங்கோ."

காலையில் பண்டார மாத்தயா வெறுங்கையோடு வந்து நின்றார். பாட்டு வராத கசெட் என்று நினைத்து அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமை நாடாவை உருவி, கிளி விரட்ட மிளகாய்ப் பாத்திக்கு மேலே கட்டிவிட்டாராம். மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். பெரியசாமி கசெட்டை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"பத்திரமா இருக்கட்டும்னு சாமித் தட்டுலதாங்க வச்சிருந்தேன். சம்சாரம் சாமிக்குப் பூசும்போது இதுக்கும் சேத்துப் பூசிருச்சு."

சந்தனம், குங்குமம், நல்லெண்ணெய் எல்லாம் இருந்தன. மெயில்தான் இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முந்தின பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது பாரிதா அலுமாரியைத் திறந்து, தன் கலியாணச் சேலை மடிப்புக்குள்ளிருந்து கசெட்டை எடுத்துத் தந்தாள். "மனுஷன் நம்பித் தந்த சாமான், கண்ட இடத்தில வெக்கிறதா?" என்றாள். பூச்சி உருண்டை மணத்தோடு அதை மாஸ்டரிடம் கொடுத்தேன்.

மாஸ்டர் ஒரு வருடமாகத் தினம் கொன்று தினம் எழுப்பிய அந்தக் களஞ்சியத்துக் கம்பியூட்டரில் கசெட்டைப் போட்டார். மதியம் வரை தும்மல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக மெயில்கள் வந்து இறங்கின. பின்னேரம் மணி அடித்தது. அன்றைக்குக் கட்டு போன சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

கந்தோர் தப்பியது. ஆனால் அந்த வெற்றியே வில்லங்கமாயிற்று. மருமகன் அசந்து போய்விட்டார். மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்படி ஒரு ஆள் கண்டியில என்னத்துக்கு? கண்டிக் கந்தோர் ஈக்கட்டும். நீங்க கொழும்புக்கு வாங்க. ரெண்டு இடத்து மெயிலையும் அங்கேருந்து பாருங்க. சம்பளத்த நல்லாக் கூட்டித் தாறேன்."

தோற்றிருந்தால் போக வேண்டிய இடத்துக்கு வென்றும் போக வேண்டியதாயிற்று. முதலாளி வீட்டு மருமகன் பிரியத்தோடு கூப்பிடுகிறார், எப்படி மறுப்பது? மாஸ்டர் "ஓம், யோசிப்பம்" என்று களஞ்சியத்துக்குள் போய்விட்டார். நான் பின்னால் போனேன். ஒரு மிளகுச் சாக்கில் உட்கார்ந்திருந்தார்.

"கொழும்பில நான் கசெட்டை ஆரின்ர வீட்டில குடுக்கிறது நானா?" என்று கேட்டார்.

நான் நேராக மருமகனிடம் போனேன். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, மாஸ்டரைப் பற்றி ஒரு குற்றப்பத்திரிகையே வாசித்துவிட்டேன். முதலாளிக்கும் மணி அடிக்கிறவர், சாவடியில் ஆமிக்காரருக்குப் பாடம் நடத்துகிறவர், ஆட்களைக் கராம்பு, சாதிக்காய் என்று கூப்பிடுகிறவர், பஸ்ஸில் வாய்விட்டுப் படிக்கிறவர். பண்டார மாத்தயா நிலைமையைப் புரிந்துகொண்டு, தன் மெயிலில் கையெழுத்துக்குக் கீழே ஒரு பூப்படம் வைத்ததற்கு இரண்டு நாள் பெட்டியைப் பூட்டியவர் என்றார். பெரியசாமி பயந்து பயந்து வந்து, தேத்தண்ணியைச் சேர்வர் அறைக்குள் கொண்டு போனதற்குத் தன்னை வாசலில் வைத்து விசாரணை செய்தவர் என்றார்.

"யானைப் படத்த அழிச்சதும் அவர்தானுங்க" என்று முடித்தார்.

மருமகனின் முகம் மாறியது. யானை அவருக்கு ஞாபகம் இருந்தது. வாகனத்தில் ஏறும்போது ஹாஜியாரிடம், "இந்த மனுஷன நீங்களே வெச்சிக்கோங்க மாமா" என்றார்.

களஞ்சியத்துக்கும் கந்தோருக்கும் நடுவில் இருந்தது அரைச் சுவர் என்பதை அந்த அவசரத்தில் நாங்கள் மறந்துவிட்டோம். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நேற்று நீங்கள் சொன்னதெல்லாம் பொய்தானே நானா?"

"சொன்னதெல்லாம் உண்மை மாஸ்டர். சொன்ன காரணம்தான் வேற."

மாஸ்டர் என் மேசையில் கிடந்த பத்திரங்களை அடுக்கி வைத்தார். பிறகு, "நல்ல ஆக்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கடைசி வரை அவர் கண்டியிலேயே இருந்தார். சேர்வர் நடத்த எங்களுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கும். போக விடக் கூடாது என்று மூன்று பேரும் ஒரே மூச்சில் கோள் சொல்ல இன்னொருவர் கிடைத்திருக்கமாட்டார்.