மூக்குத் தண்டு சொன்ன சாட்சி

எனக்குத் தாய்வீடு மலைமேல் இருக்கிற ஆனைகட்டி. அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், எங்க வீட்டுக்காரருக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும்.

இந்தத் தடவை விடுவதில்லை என்றிருந்தேன். மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்க அண்ணன் காளிச்சாமி பந்தலே போட்டாயிற்று. புதன்கிழமை. அதே புதன்கிழமை இங்கே குப்பண்ணன் தோப்பில் சேவற்கட்டு; அதென்றால் எங்க வீட்டுக்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அவர் முந்திக்கொண்டார். பாலக்காடு போய் மூக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு, பட்டம் கட்டின ராசா மாதிரி வந்தார்.

“கேட்டுக்கோ! மூக்குக்குள்ள தண்டு வளஞ்சிருக்குதாம். அது பக்கத்துச் சதையில இடிச்சா ஒத்தத் தலவலி வருமாம். நான் பொய் சொல்றேன்னு நெனச்சயே!”

“நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே.”

“மலைப்பாதையில பஸ்ஸு குலுங்குனா தல வெடிச்சுப் போயிரும். உனக்குக் காதுகுத்துப் பெருசா, என்ற உசுரு பெருசா?”

“உசுருதானுங்க. எனக்குப் பயமா இருக்குது. இன்னொருக்கா டாக்டர்கிட்டப் போலாமுங்க.”

போனோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசைக்காலைப் பார்த்தபடியே கேட்டேன்.

“இப்பவும் வலிக்குதுங்கறாருங்க. மூக்காலதான் வலிக்குதுன்னு எப்படீங்க தெரியும்?”

“மரத்துப்போற மருந்தைப் பஞ்சுல நனச்சு உள்ள வெப்போம். வலி போனா, மூக்குதான் காரணம். போகலன்னா மூக்கு இல்ல” என்றார் டாக்டர்.

பஞ்சு ஏறியது. மூக்குதான் என்று ஆகிவிட்டால் பஸ் இல்லை, சேவல் உண்டு. அவர் துள்ளினார்.

“போயிருச்சு! சுத்தமாப் போயிருச்சுங்க!”

“அப்ப மூக்குதான். சின்ன உளி வெச்சுத் தண்டைத் தட்டி எடுத்துட்டாச் சரியாயிரும். புதன்கிழமை வந்து படுங்க.”

“உளியா! ஐயோ, வலி போகலீங்க!”

“அப்ப மூக்குமேல குத்தமில்ல. எந்த பஸ்ஸுலயும் ஏறலாம்.”

“பாதி... பாதி போயிருச்சுங்க.”

“சரி, பாதித் தண்டை எடுத்துறலாம்.”

“டாக்டரே! எனக்குத் தலவலியே கெடையாதுங்க! இன்னைக்கில்ல, என்னைக்குமே வந்ததில்லீங்க!”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மூக்கில் பஞ்சோடு அவர் நின்ற நிலை பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாசல்வரை போனவள், திரும்பி இன்னொரு சந்தேகம் கேட்டேன்.

“ஏனுங்க டாக்டரே, மலைக்காத்து இந்த மூக்குக்கு நல்லதுங்களா?”

“ரொம்ப நல்லது. ஒரு வாரமாச்சும் இருந்துட்டு வரட்டும்.”