முன்னே போன திருஇருதயப் படம்

சேசு மரி சூசை துணை

நெடுந்தீவு,
வியாழக்கிழமை.

சபையில் சிஸ்டர் மேரிஜோசப்பின் என்றும் எங்கள் வீட்டில் கடைக்குட்டி என்றும் அழைக்கப்படும் அன்புத் தங்கைக்கு, மூத்த அக்கா எழுதிக்கொள்வது.

யாழ்ப்பாணத்தில் நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தையும் எழுதுவது மரியாதை என்பதால் எழுதுகிறேன்: சுகமில்லை. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் "கடவுள் பார்த்துக்கொள்வார் அக்கா, செபத்துக்கு மணியடிக்குது" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன் மணி அடிக்காது. ஆகவே இருந்து ஒழுங்காக வாசி.

போன மாரியில் நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, அடுத்த வீட்டு நிலக்சனா தண்ணீர் அள்ள வரும்வரை மழையில் கிடந்தது உனக்குத் தெரியும். அதன்பிறகு பிரான்சிலிருந்து மகள் அழுதாள், நீ அழவில்லை, உபதேசம் செய்தாய். உங்கள் மடத்து முதியோர் இல்லத்தில் எனக்கொரு கட்டில் ஒதுக்கினாய். மாதக் கடைசிவரை வைத்திருப்பார்கள், அதற்குமேல் வரிசையில் நிற்கிற வேறொருவருக்குப் போய்விடும் என்றாய். "ஒண்டையும் கட்டிக்கொண்டு வராதேங்கோ அக்கா, பறவையளைப் பாருங்கோ, அதுகள் எதைச் சேர்த்து வைக்குதுகள்?" என்று கேட்டாய். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். சொன்ன பாடத்தைச் சொன்னபடி செய்து பழகியவள். அலுமாரி, கதிரைகள், குசினிச் சாமான், கோழிகள் எல்லாவற்றையும் நிலக்சனாவுக்கும் அவள் புருஷன் அமலதாசுக்கும் கொடுத்தேன். வீட்டையும் இருக்கக் கொடுத்தேன். நம் அம்மா செய்ததுபோலச் சேசுவின் திருஇருதயப் படத்தை முதலில் அனுப்பினேன். புது இடத்துக்கு அவர்தான் முதலில் போகவேண்டும், பிறகுதான் மனிசர் கால் வைக்கலாம். அமலதாஸ் மீன்பெட்டிகளுக்கு நடுவில் அவரைச் சேலையில் சுற்றிக் கொண்டுபோய் உன்னிடம் தந்தான். "கட்டிலுக்கு மேலே கொழுவிவிட்டேன், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றாய். அடுத்தநாள் சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தது. அக்கரைக்கு லோஞ்ச் ஓடாது என்றார்கள்.

அன்றிலிருந்து என் நிலைமையைக் கேள். அவர் அங்கே, நான் இங்கே. சுவரில் படமிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, நடுவில் ஓர் ஆணி. காலையும் மாலையும் ஆணிக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்கிறேன். முன்பு ஒரு தரம் முறைத்தால் அவர் பதிலுக்குக் கனிவாகப் பார்ப்பார். ஆணிக்கு அந்தப் பழக்கம் இல்லை. படுப்பது பாயில். கட்டில் கொடுத்தாயிற்று. ஒழுங்காக விழுந்து படுக்கவும் எழும்பவும் எனக்கு ஏலாது தங்கச்சி, எழும்புவதற்கு முதலில் உருண்டு சுவருக்குப் போகவேண்டும், பிறகு சுவரைப் பிடித்து ஏறவேண்டும், இதை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று கதவைப் பூட்டுகிறேன். பூட்டிய பிறகு, விழுந்தால் யார் திறப்பார்கள் என்று பயப்படுகிறேன்.

லோஞ்ச் நின்ற முதல்நாள் காலை நிலக்சனா தேத்தண்ணியோடு வந்தாள்.

"அன்ரி, இண்டைக்கு லோஞ்ச் இல்லையாம். உங்கட கேத்தில்லதான் போட்டனான், குடியுங்கோ."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிற பழக்கம் எனக்கில்லை, பிள்ளை."

"ஆர் வாங்கச் சொன்னது? குடிச்சிட்டுத் திருப்பித் தாங்கோ."

இப்படித்தான் நடக்கிறது. என் கோப்பையில், என் தட்டில், என் கோழி இட்ட முட்டையை எனக்கே பொரித்துத் தருகிறாள். நீ பார்க்கச் சொன்ன பறவை அதுதான். சேர்த்துத்தான் வைக்கிறது, ஆனால் அடுத்த வீட்டு வளவில். என் மனுசன் சில்வெஸ்ரர் உயிரோடிருந்த காலத்தில்கூட ஒரு வீட்டில் ஒரு சிரட்டை உப்புக் கடன் வாங்காதவள் நான். இப்போது கதவோரம் காலடிச் சத்தம் கேட்டால் சாப்பாடோ என்று காது நீளுகிறது. நேற்று அமலதாஸ் விளைமீன் கொண்டுவந்து, நல்ல பெரிசு, "ரசம் வைச்சுக் குடியுங்கோ அன்ரி" என்றான். எதில் வைப்பது? சட்டி அவனுடையது. அவர்கள் பாவங்கள், என் வீட்டுக்குக் குடிவர மூட்டை கட்டிவைத்துவிட்டு, "அவசரமில்லை அன்ரி, ஆறுதலாப் போங்கோ" என்கிறார்கள். ஒரு கிழவியை இதைவிட மரியாதையாக அவமானப்படுத்த முடியாது.

கோயிலிலாவது ஆறுதல் உண்டா? முதல் ஞாயிறு பாதர் டிலோன் என்னைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு, தலையில் கைவைத்துப் பிரியாவிடைச் செபம் சொன்னார். மாலை போட்டார்கள். பாட்டுப் பாடினார்கள், இரண்டாம் வரியில் சுருதி விலகியது, அன்று மன்னித்தேன். சனமெல்லாம் கட்டிப்பிடித்து அழுதது. நானும் சிறிது அழுதேன், அளவாக. அடுத்த ஞாயிறும் நான் என் வழக்கமான வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பாதர் திரும்பவும் செபம் சொன்னார், கொஞ்சம் சுருக்கமாக. மாலை இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் ஒருத்தி கேட்கிறாள், "அன்ரி, நீங்கள் இன்னும் போகேல்லையே? நாங்கள் உங்களுக்கு அழுது முடிச்சிட்டம்." பாதர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அறைக்குள் போய்விட்டார். செத்த வீட்டில் பிரேதம் எழும்பியிருந்து தண்ணி கேட்டால் சனம் எப்பிடிப் பார்க்கும்? அந்தப் பார்வை.

ஆகவே உன்னை ஒன்று கேட்கிறேன், நீ சபை உடுப்புப் போட்டவள் என்பதால் உனக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும். என்னை நேசிக்கிற ஆண்டவர் எனக்குமுன்னே போய் இடம் ஆயத்தம் செய்வார் என்றாய். போனார். ஆயத்தம் செய்தார். பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்த்தாரா? கட்டிலைத் தந்தவருக்குக் கடலைத் தர ஏலாதா? இரவில் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது, அவர் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார், என்னைக் கூட்டிப்போக மறந்துவிட்டார் என்றே படுகிறது. கோபமில்லை. கோபம் என்றால் தாங்குவேன். மறந்துபோனார் என்பதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு. நாளை மறுநாள் மாதம் முடிகிறது. கட்டிலை வரிசையில் நிற்கிற அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடு. அவவாவது நீட்டி நிமிர்ந்து படுக்கட்டும். எனக்குக் காற்றும் இல்லை கடலும் இல்லை கட்டிலும் இல்லை, ஆணி ஒன்றுதான் மிச்சம்.

மடத்தில் உள்ள எல்லோருக்கும் என் தோத்திரம் சொல். முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசு. மூத்தவள் என்ற முறையில் உன்னை ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
திருமதி எமிலியானா சில்வெஸ்ரர்

பி.கு.: நீ தீவில் பிறந்தவள். விளைமீன் என்று வாசித்த இடத்திலேயே உனக்கு விளங்கியிருக்கும், கடல் கொந்தளித்தால் மீன் ஏது? கடல் அடங்கிச் சில நாளாகிறது. லோஞ்ச் ஒழுங்காக ஓடுகிறது. ஓடாவிட்டால் இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது? லோஞ்சில் வேலை செய்கிற பிலிப்பிடம்தான் கொடுத்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை இறங்குதுறைக்குப் போனேன். நிலக்சனா பையைக் கொண்டுவந்தாள். பிலிப்பு லோஞ்சில் நின்று "அம்மா, கையைத் தாங்கோ, ஏத்திவிடுறன்" என்றான். "எனக்கு ஒருத்தற்றை கையும் வேண்டாம்" என்றேன். தனியே ஏறப் பார்த்தேன். லோஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவில் தண்ணி தெரிந்தது. கால் எழும்பவில்லை. லோஞ்ச் போய்விட்டது. நிலக்சனா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். செவ்வாயும் அப்படித்தான், புதனும்.

கட்டிலைக் கொடுத்துவிடாதே. நாளைக்கு நீ வா. உன் மணியை வேறு யாராவது அடிக்கட்டும். வந்து என் கையைப் பிடித்து ஏற்று. கேட்கிறேன், தங்கச்சி.

படத்தைக் கழற்றிக் கொண்டுவராதே. அவர் அங்கேயே இருக்கட்டும். அவர் திரும்பி வந்துவிட்டால் நான் வரமாட்டேன்.

மிலியக்கா