எண்பத்து நான்கு கிலோ முயல்

"அகாய்! நீங்களா!"

அந்த ஊரில் வாத்தியாரை அழைக்கிற முறையில் மருந்துக்கடைப் பெண் கூவியதும் வரிசையில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் அசான்குல் காதுவரை இழுத்துவிட்டிருந்த கம்பளித் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மனசுக்குள் திட்டினார். பிஷ்கெக் நகரத்தில் தன்னிடம் படிக்காத மருந்துக்கடைக்காரர் ஒருவராவது இருப்பார் என்று நம்பித்தான், இரண்டு மினிபஸ் மாறி சந்தைக்குப் பின்னால் இருந்த இந்தக் கடைக்கு வந்திருந்தார்.

"நான் மேரிம், அகாய். உங்க உடலியங்கியல் வகுப்புல மூணாவது பெஞ்சு. மறந்துட்டீங்களா?"

"மறப்பேனாம்மா?" என்றார், மறந்தவராக.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. மனைவியை இழந்து ஏழு வருஷம் தனியாக இருந்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பாட்டு டீச்சர் புருல்சாவைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் இரவில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கலங்கவில்லை. வாத்தியார் அல்லவா, புருல்சாவுக்குக் காரணத்தை விளக்கினார். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலினும் நைட்ரிக் ஆக்சைடும் சுரந்தால் தசை தளரும், ரத்தம் வந்து நிறையும், விறைப்பு வரும். மனசில் கவலை இருந்தால் நோர்அட்ரினலின் வந்து எல்லாக் குழாயையும் இறுக்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள், நோர்அட்ரினலின் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டார். உடனே வந்துவிட்டது. அன்றைக்கு டோபமினைப் பற்றி விளக்கினார். மூன்றாம் நாள் படம் போட்டார். இரண்டாவது வாரம் வண்ணப் பென்சில் வாங்கினார். இருபத்தைந்து வருஷம் இதே பாடத்தை நடத்தியவர், செய்முறைத் தேர்வில் மட்டும் தினமும் பூஜ்யம் வாங்கினார். வாங்கிய பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்ன வேணும், அகாய்?"

மாத்திரையின் பெயரை முனகினார்.

"அதுவா!" மேரிமின் முகம் மலர்ந்தது. வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே இவருதான்! இது தானா எதையும் கிளப்பாது. நைட்ரிக் ஆக்சைடு செஞ்சு வெச்ச வேலை சீக்கிரம் கலைஞ்சு போகாம பாத்துக்கும். சரிதானே, அகாய்?"

"சரிதான். ஆனா இது எனக்கில்லம்மா. ஆய்வுக்கூடத்துல ஒரு முயல் இருக்கு."

"முயலா? எடை சொல்லுங்க, அளவு கணக்குப் போடறேன்."

காலையில் குளியலறையில் பார்த்த எண் நாக்கிலேயே இருந்தது. "எண்பத்து நாலு கிலோ."

வரிசையில் நின்ற ஆட்டு வியாபாரி வாயைப் பிளந்தார். "எங்கிட்ட இருக்கற கடாவே அவ்வளவு தேறாது! அண்ணே, அது குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

"குட்டிக்கு வழியில்லாமத்தானேய்யா மாத்திரை வாங்க வந்திருக்காரு?" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள்.

மேரிம் பேனாவை எடுத்தாள். "முயலுக்கு ரத்தக்கொதிப்பு உண்டா?"

"லேசா."

"நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கறது உண்டா? அப்படின்னா இதைத் தரவே மாட்டேன்."

"சேச்சே. தினமும் பூங்காவுல நாலு சுத்து நடக்குது."

"சிகரெட்?"

"விட்டுடுச்சு."

"படிச்ச முயல் போல," என்றார் வியாபாரி மரியாதையாக.

மேரிம் எழுதுவதை நிறுத்தினாள். "கல்யாணமாகி எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம்," என்றார் அசான்குல். சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் அதற்கு வேலை இல்லை.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ஆட்டு வியாபாரி அவர் தோளை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார்.

மேரிம் அலமாரிப் பக்கமே போகவில்லை. மேஜைமேல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மாத்திரை இருக்கட்டும், அகாய். நேத்து, கல்யாணமாகி மூணு வாரம்தான் ஆச்சுன்னு ஒரு பாட்டு டீச்சர், உங்க வீட்டம்மாதான், இங்க வந்து படபடப்புக்கு மருந்து கேட்டாங்க. 'தினமும் படம் போட்டுப் பாடம் நடத்துறாரு, எனக்குத்தான் ஒண்ணும் மண்டையில ஏறல, நான் ஃபெயிலாயிட்டேன்னுதான் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு'ன்னு ஒரே அழுகை!"