ஹவுசாவின் தண்ணீர் விரதம்

மும்பை, டேக்டி சந்து
ஞாயிற்றுக்கிழமை

மைத்துனன் பிகாஜிக்கு, உன் அக்காள் புருஷன் தக்டு ஷேலார் தன் கைப்பட எழுதுவது. கைப்பட என்பதைக் கவனிக்கவும். இதுவரை உனக்கு வந்தவை மருந்துக்கடைக்காரர் எழுதியவை. அங்கே நீயும் பிள்ளைகளும் எருமைகளும் நலமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அக்காவுக்கு இந்த வருடம் மூன்றாம் முறையாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும். நிறையத் தண்ணீர் குடி என்கிறார் டாக்டர், அவள் குடிப்பதில்லை. அடுத்த ஞாயிறு வந்து அவளை ஊருக்கு அழைத்துப் போ. இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் பிராஜக்தாவும் சந்துப் பிள்ளைகள் ஐந்து பேரும், நம் சந்தை நாமே ஆராய்ச்சி செய்வோம் என்று கேள்வித்தாளோடு வீடு வீடாகக் கிளம்பினார்கள். குடிசைகளை இடித்தால் தொண்ணூற்றைந்தாம் வருடத்துக்கு முன் குடிவந்தவர்களுக்குத்தான் மாற்று வீடு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, காகிதத்தோடு வருகிற யாருக்கும் எங்கள் சந்தில் ஒரே பதில்தான். பக்கத்து வீட்டு விமலிடம், "மாவ்ஷி, ஒரு நாளைக்கு எத்தன தடவ கழிப்பறைக்குப் போறீங்க?" என்று பிராஜக்தா கேட்டாள். "நாங்க தொண்ணூத்தஞ்சுக்கு முன்னாடியே வந்துட்டோம்!" "அதக் கேக்கல மாவ்ஷி." "எழுதிக்கோ. என் மருமகளும் தொண்ணூத்தஞ்சுக்கு முன்னாடிதான்." மருமகளுக்கு வயது இருபது.

பிராஜக்தா விடுகிற ஆளா? மூன்று மாதம் பெண்களைத் தனியே உட்காரவைத்துப் பேசி, கண்டறிந்ததையெல்லாம் பெரிய தாளில் எழுதி கணபதி மண்டபத்தில் மாட்டினாள். நான் எழுந்து, "நான் வாசிக்கிறேன்" என்றேன். "வேணாம் காகா, நானே வாசிக்கிறேன்." "எதுக்கு எனக்கு எழுத்து கத்துக்கொடுத்த?" ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். சந்தின் பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் ஆறு அறை, நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லை. நூற்றிருபது பெண்களில் தொண்ணூறு பேர் பகலில் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. இன்னொரு காரணம், அந்த வழியில் கேரம் பலகை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வயதான ஆண்கள். ஒரு பிழையும் இல்லாமல் முடித்துவிட்டுக் கைதட்டலுக்காக நிமிர்ந்தேன். விமல், "இன்னொரு தடவ வாசிங்க பாவ்ஜி, காதுல சரியா விழல" என்றாள். வாசித்தேன். இரண்டாம் முறைதான் எனக்கே விளங்கியது. அந்தப் பலகை என்னுடையது, பிகாஜி.

உன் அக்கா ஹவுசா பகலில் தண்ணீர் தொடாததை விட்டலனுக்கு விரதம் என்று இருபது வருடமாக ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். வீட்டுக்கு வந்து, "அப்போ அது விரதம் இல்லியா?" என்றேன். "விரதம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் எப்போ சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு மாவு பிசைந்தாள்.

மறுநாளே பலகையை மண்டபத்துக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். "தக்டு பொண்டாட்டிக்கு பயந்துட்டான்டா!" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். "ஆமா, பயந்துட்டேன். நீ அந்தப் பக்கம் தூக்கு" என்றேன். தூக்கினார்கள். ஆனால் தாழ்ப்பாளுக்கு வார்டு ஆபீஸ் மனது வைக்க வேண்டும், பெண்கள் நாளைக்கு மனு கொடுக்கப் போகிறார்கள், பதில் வர எத்தனை மாதமோ. அதுவரை அவள் உன் வீட்டில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், விட்டலன் உங்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்வான்.

தக்டு ஷேலார்
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பி.கு.: இதை எழுதி முடிக்க ஆறு நாள் பிடித்தது, இன்று சனிக்கிழமை. நீ வர வேண்டாம். மனுவைப் பார்த்த அதிகாரி செவ்வாய்க்கிழமை நேரில் வந்து விசாரிக்கிறாராம். பெட்டியைக் கட்டு என்றதற்கு உன் அக்கா, "நான் போயிட்டா தொண்ணூறு எண்பத்தொம்பது ஆயிடும். அந்த ஆளு வந்து எண்ணிட்டுப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.