அடிபம்பும் ஆணிவேரும்

மனிதர்களில் எத்தனையோ ரகம். கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர், பஸ்ஸில் அடுத்தவர் பேப்பரை உரக்கப் படிக்கிறவர். அவர்களெல்லாம் இன்றைக்குப் பிழைத்துப் போகட்டும். இப்போது நான் பிடித்து வந்திருப்பவர் மூலகாரணர். அடையாளம் சுலபம். உங்கள் கூரை தீப்பற்றி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மூலகாரணர் ஓடமாட்டார். "அணைச்சிட்டா ஆச்சா? மறுபடி பத்திக்காதுன்னு என்ன நிச்சயம்? நிலையான மாற்றம் வேணாமா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி கேட்பார். நாற்காலி உள்ளே எரிந்துகொண்டிருக்கும். அது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்து மூலகாரணர் பெயர் தணிகாசலம். வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதன் நலச் சங்கத்துக்குத் தலைவர். தங்கமான மனிதர், ஊருக்கு ஒன்றென்றால் சோறு தண்ணி மறந்து அலைவார். மெட்ராஸில் யாரோ சங்கத் தலைவர்களுக்கெல்லாம் பயிற்சி முகாம் நடத்தினார்கள். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்பி வரும்போது அக்குளில் சுருட்டிய சார்ட் பேப்பர், சட்டைப் பையில் கலர் கலராக ஸ்கெட்ச் பேனா, வாயில் 'சிஸ்டம்'. "தனிப் பிரச்சினைன்னு எதுவும் கெடையாது. எல்லாம் ஒரே சிஸ்டம். ஒண்ணை அசைச்சா இன்னொண்ணு ஆடும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எதுவும் தனியாகக் கெட்டுப்போக முடியவில்லை. சவரியம்மாளின் ஆடு காணாமல் போனதற்குக்கூட வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தார். ஆடு அதுபாட்டுக்குத் திரும்பி வந்தது. வந்ததற்கும் ஒரு அம்புக்குறி இழுத்தார்.

இந்த லட்சணத்தில்தான் ஊரின் ஒரே அடிபம்பு உடைந்தது. போல்ட் தேய்ந்து, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உடைந்ததுதான் உடைந்தது, வேறு வாரமே கிடைக்கவில்லையா அதற்கு? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்து மேரியின் மகள் ரோஸிக்கு நிச்சயதார்த்தம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வேன் நிறைய சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. ஷிஃப்ட் மாற்றி லீவு வாங்கியிருக்கிறார். ஏற்கெனவே ஒருதரம் தள்ளிப்போட்டதில் மாப்பிள்ளையின் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இனி தள்ளினா வேற எடம் பாத்துக்குறோம்" என்று சொல்லியாகிவிட்டது. தண்ணீர் இல்லாமல் பிரியாணி எப்படிப் போடுவது?

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் புது போல்ட் வாங்கி வந்துவிட்டான். மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பம்போடு வந்த பெரிய ஸ்பேனர் வேண்டும். ஊர்ச் சொத்து யாரிடம் இருக்கும்? தலைவரிடம்தான்.

"ஸ்பேனரைக் குடு சார். கன்னியப்பன் சட்டுனு மாட்டிடுவான்" என்றாள் லூர்து மேரி.

"அதான் எனக்கு பயம்" என்றார் தணிகாசலம். "மாட்டிட்டா பம்பு ஓடும். ஓடிட்டா, ஏன் நின்னுச்சுன்னு எவனாவது யோசிப்பானா?"

"இன்னாத்துக்கு யோசிக்கணும்? தண்ணி வந்தா போதாதா?"

"இது மேலோட்டமான பார்வைம்மா. ஆணிவேருக்குப் போகணும்."

போனார். தினமும் சாயங்காலம் கூட்டம், காரணத்துக்கு ஒரு கலரில் வட்டம். போல்ட் ஏன் தேய்ந்தது? பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் வந்து அடிக்கிறார்கள். ஏன் ஒரே நேரம்? கம்பெனி பஸ் வருவதற்குள் சோறாக்க வேண்டும். ஏன் கம்பெனி? ஏரி வற்றி விவசாயம் படுத்துவிட்டது. ஏன் வற்றியது? மழை இல்லை. மழை ஏன் இல்லை என்று வங்காள விரிகுடாவுக்குப் போன அம்புக்குறி, பேப்பர் போதாமல் அடுத்த பேப்பரை ஒட்டிக்கொண்டு, இமயமலைப் பக்கமாகத் திரும்பியது. பம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை வந்துவிட்டது. பம்படியிலேயே கடைசிக் கூட்டம். சார்ட்டைத் தரையில் பாய் மாதிரி விரித்து, காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு மூலை கனம் வைத்திருந்தார். லூர்து மேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

"எம்பொண்ணு கல்யாணம் நின்னுபூட்டா, அதுக்கு இன்னா கலரு சார்?"

தணிகாசலம் யோசித்தார். "பச்சை."

"இதுல எங்க ரோஸி எங்க கீறா? அதையாவது காட்டு."

"அதோ, கடைசி மூலையில. சின்ன வட்டம்."

லூர்து மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வட்டம் தெரியவில்லை. வட்டத்தின் மேல் ஸ்பேனர் இருந்தது! கல்லோடு கல்லாக, பேப்பருக்குக் கனமாக, வாரம் பூராவும் ஊரே கேட்டும் தேடியும் கிடைக்காத ஸ்பேனர்.

எடுத்தாள். அவ்வளவுதான். ஒண்ணை அசைச்சா இன்னொண்ணு ஆடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. மூலை எழும்பி மற்ற கற்களும் உருள, சார்ட் இமயமலையும் வங்காள விரிகுடாவுமாகப் பட்டம் போல ஏரிப் பக்கம் பறந்தது. "புடிங்க, சிஸ்டம் போவுது!" என்று கத்திக்கொண்டு தலைவர் பின்னாலேயே ஓடினார். முள்ளில் கிழிந்த பேப்பரும் கிழிந்த வேட்டியுமாக அவர் திரும்பி வருவதற்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மனிதர் அசரவில்லையே!

"பார்த்தீங்களா? ஆராய ஆராய, சிஸ்டம் தன்னாலயே சரியாயிடுச்சு!"

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. அத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பந்தியில் தணிகாசலத்தின் இலை மட்டும் காலி.

"லூர்து மேரி, இந்தப் பக்கம் பிரியாணி வரலையேம்மா?"

அவள் பக்கெட்டோடு நின்றாள். "போட்டா சாப்ட்ருவே சார். சாப்ட்டா பசி பூடும். அப்பறம் பசி ஏன் வந்துச்சுன்னு எவனாவது யோசிப்பானா?"

பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம்தான் கறியாகப் பார்த்து இரண்டு கரண்டி வைத்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுச் சமையற்கட்டுக் குழாய் எத்தனை நாளாகச் சொட்டுகிறது? "மொத்த லைனையும் பார்த்துத்தான் செய்யணும்" என்று சொன்னது யார்? அது இருக்கட்டும். இந்தக் கதைப் பக்கம் ஃபேன் காற்றில் புரளாமலிருக்க அதன் மேல் ஏதோ கனமாக வைத்துக்கொண்டு படிக்கிறீர்களே, அது என்ன? கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வீட்டில் யாரோ அதை ரொம்ப நேரமாகத் தேடுகிறார்கள்.