படகோட்டியிடம் ரி.ஓ. ஐயா கேளாத கேள்வி

சாவகச்சேரிச் சந்தையிலே அண்மைக் காலமாக ஒரு கதை உலவுகின்றது. ரி.ஓ. ஐயாவின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மனிதர் ஒருவர் குடியிருக்கிறார் என்றும், ஐயா அவருக்கு வேளை தவறாது சோறு வைக்கிறார் என்றும் மரக்கறி விற்போர் முதல் பேருந்து நடத்துநர் வரை பேசிக்கொள்கின்றனர். இது பிழை. சோறு வைக்கப்பட்டதில்லை. வைக்கட்டுமா என்று ஐயாவின் துணைவியார் ஒருமுறை வினவியதுண்டு, அது கேலி. நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதியை அருகிருந்து கண்டவன் என்ற முறையில், கதைக்கு மேலும் கைகால் முளைக்குமுன் உண்மையைப் பதிவுசெய்தல் என் கடனாகின்றது.

முதலில் ஒன்றைத் துணிந்து கூறுவேன். வீடியோ கேம் எனப்படும் நிகழ்பட ஆட்டங்களை ஆடியோர் உலகிற் பலகோடியர் இருக்கலாம். அவற்றை அரச உத்தியோகத்தரின் கண்கொண்டு மேற்பார்வை செய்தவர் எங்கள் ரி.ஓ. ஐயா ஒருவரே.

அவருடைய இயற்பெயரை ஊர் மறந்து நெடுங்காலமாயிற்று. உள்ளூராட்சிச் சபையொன்றிலே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து, மதில் எல்லை கடந்ததா, மலகூடம் கிணற்றை நெருங்கியதா என்று அளந்து திரிந்தவர். அப்பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே அவருக்குப் பெயராயின. அவர் ஓய்வுபெற்றார், அவருடைய அளவுநாடா ஓய்வுபெறவில்லை. விருந்துக்குச் சென்ற வீட்டிலும், வடையைக் கையில் எடுக்குமுன் வாசற்படியின் உயரத்தை நோக்குவார். உயரம் சரியில்லையாயின் வடை சுவைக்காது.

இத்தகையவரிடம் நிகழ்பட ஆட்டப்பொறி வந்து சேர்ந்தது மருமகனால். வெளிநாட்டில் வாழும் அவருடைய தங்கையின் மகன், தான் சிறுவயதில் ஆடிய பழம்பொறியையும், ஆட்டங்கள் அடங்கிய கசற்றுகள் ஒரு பெட்டியையும் விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்து, திரும்புகையில் விட்டுச் சென்றான். இக்காலத் தட்டைத் தொலைக்காட்சிகளோடு அப்பொறி இணங்காது. ஐயா வீட்டிலோ முதுகு புடைத்த பழைய பெட்டியொன்று, எறிய மனமின்றி வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் பொருந்தின. அன்று தொடங்கியது மேற்பார்வை.

நான் முதன்முதற் கண்ட காட்சி, ஐயா தொலைக்காட்சித் திரையின்மேல் அளவுநாடாவை வைத்து நின்றதாகும். ஆட்டத்தின் வீரன் திரையின் கீழே பொறுமையோடு காத்திருந்தான்.

"மாஸ்ரர், உவனைப் பாருங்கோ" என்று ஆசிரியனாகிய என்னை அழைத்தார். "மூண்டாள் உயரம் துள்ளுறான். உந்த முழங்கால் உயர வேலியைக் கடக்க ஏலாதாம். உதுக்கு ஆர் அனுமதி குடுத்தது?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் அடுத்த குறைக்குச் சென்றார். ஏணியில் ஏறலாம், இறங்க இயலாது. பாலத்துக்குக் கைப்பிடி இல்லை. மாளிகையின் கதவு, அது பொருந்திய சுவரினும் பெரிது. இன்னோர் ஆட்டத்தில் இறுதிப் பகையாகிய பூதம், வீரன் படிக்கட்டின் கீழே ஒதுங்கினால், அவனைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டே நிற்கும். வாழ்நாள் முழுவதும் முட்டும். பிறர் இதை வெற்றிக்கான குறுக்குவழி என்பர். ஐயாவுக்கு அது கட்டடப் பிழை.

"பூதத்தை அடிக்கிறது பிறகு. முதல்லை உந்தப் படியைக் கட்டின மேசனைப் பிடிக்கவேணும்."

ஒருநாள் நடுப்பகல் வெயிலில் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் வியப்பும் வியர்வையும் சமமாக வழிந்தன. வானூர்தி ஆட்டமொன்றில் உயிர்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். பொறிக்கு ஓரெல்லைக்குமேல் எண்ணத் தெரியாதாம். எல்லையைக் கடந்ததும் கணக்குச் சுழன்று ஒன்றுமில்லை என்றாகி, ஆட்டம் முடிந்துவிட்டது. "உயிர் மிஞ்சினதாலை செத்துப்போனன், மாஸ்ரர்" என்றவர், சைவசித்தாந்தத்தில் இதற்கு இடமுண்டா என்று வினவினார். பார்த்துச் சொல்வதாகக் கூறினேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வழுக்களைக் கண்டும் ஐயா சினந்ததில்லை. ஆட்டக் கைப்பிடியைச் சுவரில் எறிவது, பொறியைத் திட்டுவது எதுவும் அவரிடம் இல்லை. ஒவ்வொரு வழுவின் முன்னும் நாடியைத் தடவியபடி அமர்ந்திருப்பார். கோணிய சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் கதை உண்டு என்பது அவருடைய உத்தியோக அனுபவம். "உதிலை ஒருத்தன் பின்னேரம் வீட்டை போற அவசரத்திலை நிண்டிருக்கிறான்" என்பார். அந்த முகமறியாத மனிதனுக்கு அன்று என்ன அவசரம், வீட்டில் யாருக்கு என்ன என்று எண்ணத் தொடங்கினால், ஆட்டம் தன்பாட்டில் நிற்கும்.

இனி, சந்தையிற் பேசப்படும் அந்த ஆட்டத்துக்கு வருகின்றேன்.

அதிலே வீரன் ஒரு மருந்துக்குப்பியைச் சுமந்து, கடலுக்கு அப்பாலுள்ள தீவில் நோயுற்றிருக்கும் முதியவளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியில் ஒரு கிராமம். எவர் வீட்டுக்குள்ளும் நுழைந்து பானைகளை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ள ஆட்டம் இடந்தருகிறது. ஐயா நுழையவில்லை. ஒவ்வொரு வாசலிலும் வீரனை நிறுத்தி, உள்ளிருந்து யாராவது வருவார்களா என்று காத்திருந்தார். எவரும் வரவில்லை. ஆதலால், ஏனையோர் பானைகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் வாளும் கேடயமும் இன்றி, கள்வர்களுக்கு ஒளித்து ஒளித்து, பல மாதங்களிற் கடற்கரையை அடைந்தார்.

கரையிலே ஒரு படகோட்டி. அவனோடு பேச மூன்று வாக்கியங்களை ஆட்டம் ஆங்கிலத்தில் வழங்கியது. 'காலை வணக்கம்' என்பது ஒன்று. 'கடல் எப்படி இருக்கிறது?' என்பது மற்றொன்று. மூன்றாவது, 'எங்கே போகிறாய்?'

ஐயா வணக்கம் கூறினார். படகோட்டியும் கூறினான். கடலைப் பற்றிக் கேட்டார். அமைதியாக இருக்கிறது என்றான். மறுநாளும் அவ்வாறே. மாதங்கள் சென்றன. படகோட்டி அசையவில்லை. படகோட்டியின் தொழிலையே மறந்து படகோட்டியைப் படைத்துவிட்டார்கள், இதுவே தாம் கண்ட வழுக்களில் தலையாயது என்று ஐயா முடிவுகட்டினார்.

இதற்கிடையில் தொலைக்காட்சிப் பெட்டி தளர்ந்தது. முதலிற் சிவப்பு நிறம் மறைந்தது. பழுதுபார்ப்பவர் வந்து நோக்கி, படக்குழாய் முடியப்போகிறது, மாற்றுக்குழாய் இனிக் கிடையாது என்று கூறிச் சென்றார். படக்குழாய் போகுமுன் மருந்து தீவுக்குப் போகவேண்டும். ஐயா முதன்முறையாகப் பதற்றம் கொண்டார்.

வேறு வழியின்றி மருமகனைத் தொலைபேசியில் அழைத்தார். அவன் சிறுவயதில் அத்தீவை அடைந்தவன். படகோட்டியிடம் எங்கே போகிறாய் என்று கேட்டீர்களா, கேட்டால் ஏற்றிச்செல்வானே என்றான். ஐயா தொலைபேசியை வைத்தார். அன்று அவ்வீட்டில் நானும், குருநகரிலிருந்து மீன் கொணர்ந்த சம்மாட்டியும் இருந்தோம். சம்மாட்டி வள்ளமும் வலையும் உடையவர், ஐயாவின் நெடுநாள் நண்பர்.

"வெளிக்கிட்டு நிக்கிற ஆளை அப்பிடிக் கேக்கலாமோ, மாஸ்ரர்?" என்றார் ஐயா.

கேட்கலாகாதுதான். புறப்படுபவரை அவ்வாறு வினவினால் போகும் கருமம் கெடும் என்பது நம்மவர் வழக்கம். 'தூரமோ?' என்று நயமாகக் கேட்கலாமே என்றேன். பொறியில் அவ்வாக்கியம் இல்லை என்று நினைவூட்டினார்.

சம்மாட்டிக்குச் சிரிப்பை அடக்க இயலவில்லை. "ஐயா, உவன் பொம்மை. கேளுங்கோ."

"உம்மை நான் ஒருநாளாவது கேட்டிருக்கிறனோ?"

"கேட்டிருந்தா அண்டைக்கு வலை இறக்கியிருக்கமாட்டன். நான் மனுசன் எல்லோ."

"அவரும் தொழிலுக்கு வெளிக்கிட்டவர்தானே."

வாதம் இவ்விடத்தில் நின்றது. சம்மாட்டியின் சிரிப்பும் சற்றுக் குறைந்தது. அப்பொழுது குசினியிலிருந்து துணைவியாரின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, அங்கை ஒரு மனுசி மருந்தில்லாமல் கிடந்து இழுக்குது. நீங்கள் இஞ்சை இருந்து மரியாதை பாக்கிறியள்."

ஐயா எழுந்தார். கால்முகம் கழுவினார். திருநீறு பூசினார். பொறியின்முன் அமர்ந்து, "குறை நினையாதை தம்பி" என்று திரையை நோக்கிக் கூறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றாவது வாக்கியத்தை அழுத்தினார்.

தீவுக்குப் போகிறேன், ஏறிக்கொள் என்றான் படகோட்டி.

வள்ளம் கரையைவிட்டு நகர்ந்தது. துணைவியார் அகப்பையோடு வந்து வாசலில் நின்றார். சம்மாட்டி பாயின் வளைவைக் குறைகூறினார். சோழகக் காற்றுக்கு இப்படிப் பிடித்தால் ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டியவன் இராமேசுவரத்தில் இறங்குவான் என்றார். தூரத்திலே தீவு பச்சைப் புள்ளியாகத் தோன்றியது.

அப்படியே யாவும் நின்றன. அலை எழுந்த நிலையில் நின்றது. பறவை சிறகு விரித்த நிலையில் நின்றது. இசை ஒரே ஒலியிற் சிக்கி நீண்டுகொண்டே போயிற்று. ஐயா எதை அழுத்தியும் பயனில்லை.

"கேட்டது பிழைச்சுப்போச்சு" என்றார்.

எவரும் சிரிக்கவில்லை. சம்மாட்டி மெல்லச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்.

மருமகனை மீண்டும் அழைத்தோம். இவ்வாறு நிகழ்ந்ததாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றான். பின்னர் சற்று எண்ணி ஒரு விளக்கம் தந்தான். படகோட்டியுடன் பேசும் ஒவ்வொரு பேச்சையும் பொறி எங்கோ சேர்த்துவைக்குமாம். எல்லோரும் முதல் நாளே கேள்வியைக் கேட்டுவிட்டு ஏறிப்போய்விடுவார்கள். மாதக்கணக்காக நலம் மட்டும் விசாரித்தவர் மாமா ஒருவரே. அவ்வளவு பேச்சையும் பொறியாற் சுமக்க முடியவில்லை போலும். ஒரு மனிதர் எங்கே போகிறாய் என்று கேளாமலே இருப்பார் என்பதை, அதைச் செய்தவர்கள் எண்ணிப்பார்க்கவே இல்லை. அவர்கள் நாட்டிற் சோதித்தால் அவ்வழு வெளிப்படாது. அதைக் கண்டுபிடிக்க நம் பண்பாடு தேவைப்பட்டது.

ஐயா இவ்விளக்கத்தை மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார். அதன்பின் மருமகன் கூறியதைத்தான் அவராற் பொறுக்க இயலவில்லை. மின்விசையை நிறுத்தி மீளத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றானாம்.

"ஆளை நடுக்கடலிலை விட்டிட்டு விசையை நிப்பாட்டச் சொல்லுறான்" என்று எங்களிடம் முறையிட்டார்.

நிறுத்தவில்லை. ஒலியை மட்டும் குறைத்துவைத்தார். ஊரார் சன்னலால் எட்டிப்பார்க்கத் தொடங்கியது அதன் பின்னரே. சிறிது காலத்தில் படக்குழாயும் போயிற்று, திரை கறுத்தது. நான் ஆறுதல் கூறச் சென்றேன். பொறியின் நெற்றியில் எரியும் சிறிய சிவப்பு விளக்கைக் காட்டினார். "படந்தான் போச்சு. ஆள் நிக்கிறார். மருந்தும் கையிலை கிடக்கு."

பின்பு ஒருநாள், பராமரிப்புக்காக மறுநாள் பகல் முழுவதும் மின்சாரம் தடைப்படும் என்று அறிவித்தார்கள். ஐயா அன்றிரவு உண்ணவில்லை என்று துணைவியார் எனக்குச் சொல்லியனுப்பினார். காலையில் நான் அங்கே சென்றபோது, வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று நின்றது. சம்மாட்டி தம் வள்ளத்து விளக்குக்கு வைத்திருந்த பற்றரியையும் இன்வேட்டரையும் தோளிற் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார். முன்பு பொம்மை என்று சிரித்தவர்தாமே என்று ஐயா அவரை நோக்கினார்.

"கடலிலை ஒரு வள்ளம் நிக்கேக்கை கரையிலை ஆர் ஐயா படுக்கிறது?" என்றார் சம்மாட்டி. கம்பிகளைப் பொருத்தினார். சிவப்பு விளக்கு அணையவில்லை.

நிகழ்ந்தது இவ்வளவே. பொறிகளின் உள்ளியல்பை நான் அறியேன். மருமகன் தந்த விளக்கத்தைத் திரித்து எழுதியிருக்கவும் கூடும். ஆட்டங்களின் போக்கிலோ, காற்றின் பெயரிலோ, வேறெதிலோ பிழை கண்டோர் இவ்விதழின் வாயிலாகத் திருத்தியருளுக. ஆயின், ஒருமுறை உறைந்துபோன ஆட்டம் எக்காலத்திலும் தானாக அசையாது என்பதைத் திட்டமாக அறிந்தோர் உங்களுள் எவரேனும் இருப்பின், அந்தத் திருத்தத்தை மட்டும் இதழுக்கு எழுதாதீர்கள். ஐயா இதழைத் தவறாது வாசிப்பவர். எனக்குத் தனியே எழுதுங்கள். நான் அதை எவரிடமும் சொல்லமாட்டேன்.