திறந்த கதவுகள் மாநாடு

உலகத்தைப் பெண்கள் வழிநடத்த வேண்டும் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்தவர்கள் ஆண்களே. கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில். அந்த வரலாற்று நிமிடத்தில் நானும் அங்கே இருந்தேன் என்பதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்களுடையது பல நாடுகளில் கிளை பரப்பிய துயர்துடைப்பு நிறுவனம். எங்கே வெள்ளம் வந்தாலும், பூமி அதிர்ந்தாலும், சண்டை மூண்டாலும் முதலில் போய் நிற்பது எங்கள் பெயர்ப்பலகை. நான் அதில் மக்கள் தொடர்பு அதிகாரி. நடந்ததை, நடந்திருக்க வேண்டியபடி எழுதுவது என் வேலை.

"சர்வதேச சேவையில் பெண் தலைமைன்னு ஒரு மாநாடு நடத்தப் போறோம். தலைமையகத்துலேருந்து நம்ம தலைவியே வர்றாங்க" என்று இயக்குநர் அறிவித்தார். அப்போதே ஒன்பது பேர் கொண்ட ஏற்பாட்டுக் குழு அமைந்தது. ஒன்பது பேரும் ஆண்கள். பெண்கள் விஷயத்தில் பெண்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற பண்பு எங்களுக்கு உண்டு. குறிப்பெடுத்த தட்டச்சர் அம்மாவைச் சேர்த்தால் பத்து. அவரைச் சேர்க்கவில்லை. அவருக்குத்தான் குறிப்பெடுக்கும் வேலை இருந்ததே.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "குழுவுல பெண்கள் எத்தனை பேர்?"

"தலைப்புல இருக்காங்க" என்றேன்.

மாநாட்டுக்கு முழக்கம் தேடி மூன்று கூட்டங்கள் நடந்தன. கடைசியில் இயக்குநரே கண்ணை மூடிக்கொண்டு உதிர்த்தார்: 'பெண்களுக்குக் கதவுகள் திறக்கட்டும்!' எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் "ஆகா" என்றோம். என் 'ஆகா' அரை நொடி முந்தியது. அதனால்தான் நான் இன்னும் பதவியில் இருக்கிறேன்.

பேச ஒரு பெண் தலைவர் தேவைப்பட்டார். எங்களிடம் ஒருவர் இருந்தார். ஆற்றோரத்து வெள்ள முகாமின் பொறுப்பாளர். இருபது வருடத்தில் ஐந்து நாடுகளில் வேலை பார்த்தவர். நிலநடுக்கத்தில் கூடாரம் போட்டவர், காலராவில் குடிநீர் வண்டிக்கு முன்னால் ஓடியவர். எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அவரைவிட எட்டு வயது மூத்த இயக்குநருக்கும் அக்கா. வயதைக் குறைத்துக்கொள்ள இயக்குநர் கண்டுபிடித்த செலவில்லாத வழி அது.

அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அக்கா, மாநாட்டுல நீங்க பேசணும். 'பெண்களுக்குக் கதவுகள் திறக்கட்டும்'."

எதிர்முனையில் மழைச் சத்தத்தை மீறிக் குரலை உயர்த்தினார்.

"தம்பி, இங்க கதவெல்லாம் திறந்துதான் கிடக்கு. மூடத்தான் வழியில்ல. நாற்பது கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு மூணு கடிதம் போட்டாச்சு. அது என்ன ஆச்சு?"

"பரிசீலனையில இருக்கு அக்கா."

"எங்க இருக்குன்னு கேட்கல தம்பி. என்ன ஆச்சுன்னு கேட்டேன்."

ஆனது இதுதான். கழிப்பறை வாங்கும் படிவத்தில் 'கதவு' என்று ஒரு கட்டம் இருந்தது, 'தாழ்ப்பாள்' என்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத பொருளை வாங்க இயக்குநரின் தனி ஒப்புதல் வேண்டும். இயக்குநரோ பெண்களின் முன்னேற்றத்தில் மூழ்கிக் கிடந்தார். மூன்று கடிதங்களும் அவர் மேசையில் மாநாட்டு அழைப்பிதழ்களுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

சுவரொட்டிக்குப் படம் எடுக்க நானே முகாமுக்குப் போனேன். முந்நூற்று நாற்பது குடும்பங்கள். சேற்றின் மேல் பலகை போட்டு நடை. ஓரத்தில் வரிசையாகத் தகரக் கழிப்பறைகள். அங்கே மனதைத் தொடும் காட்சி ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு பெண் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி நின்றாள். உள்ளே இன்னொருத்தி. ஒருத்தி வெளியே வந்ததும் மற்றவள் உள்ளே போனாள், வந்தவள் சாய்ந்துகொண்டாள். அந்தி வெளிச்சம் அழகாக விழுந்தது. உடனே படம் எடுத்தேன்.

தோளில் குழந்தையோடு நின்ற ஓர் அம்மா என்னைக் கேட்டார்: "எதுக்குப்பா இதைப் படம் புடிக்கிற?"

"உங்க ஒற்றுமையை உலகம் பார்க்கட்டும்மா."

"ஒற்றுமையா? துணைக்கு ஆள் இல்லன்னா போறதே இல்ல. என் மூத்த பொண்ணு தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டா. போக வேண்டி வந்துடுமேன்னு. நேத்து வரிசையில மயங்கி விழுந்துட்டா."

கூடாரத்துக்குள் அந்தப் பெண் படுத்திருந்தாள். பதினாலு வயதிருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார் அக்கா. ஒவ்வொரு கரண்டிக்கும் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

"குடிம்மா. கதவுல நான் வந்து நிக்கிறேன். நான் நின்னா யானை வந்தாலும் திறக்காது."

அவள் லேசாகச் சிரித்தாள். குடித்தாள்.

"தாழ்ப்பாளைக் கடையில வாங்கிடலாமே அக்கா?" என்று கேட்டேன். மக்கள் தொடர்பு அதிகாரிக்கும் சில சமயம் யோசனை வரும்.

"கடைத்தெரு இடுப்பளவு தண்ணியில நிக்குது. கயிறு கட்டிப் பார்த்தோம், வெளியிலேருந்து இழுத்தா வந்துடுது. நான் மாநாட்டுக்கு வந்தா தாழ்ப்பாள் கிடைக்குமா, அதைச் சொல்லுங்க."

"கிடைக்க வாய்ப்புகள் பிரகாசமா இருக்கு."

"சரி, வர்றேன். பிரகாசத்தை நேர்லயே பார்த்துடறேன்."

திரும்பி வந்து, அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே 'பெண்ணுக்குப் பெண் துணை: ஒற்றுமையின் உன்னதம்' என்று எழுதி மண்டப வாசலில் நிறுத்தினேன். மயங்கி விழுந்த பெண்ணைப் பற்றி எழுதவில்லை. இடம் போதவில்லை.

மாநாடு எங்கள் சொந்தப் பயிற்சிக் கட்டடத்திலேயே நடந்தது. தலைவி வந்து இறங்கினார். எழுபதை நெருங்கும் வயது, குட்டை முடி, கையில் தானே தூக்கிய ஒரு பை. பையை வாங்க நாங்கள் நால்வர் பாய்ந்தோம். அவர் கொடுக்கவில்லை. நேராக என் சுவரொட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பொண்ணு ஏன் கதவுல சாஞ்சு நிக்கிறா?"

"ஒற்றுமை..." என்று ஆரம்பித்தேன்.

"தாழ்ப்பாள் இல்ல, அதானே?"

"அதேதான்" என்றது பின்னால் ஒரு குரல். அக்கா. சேறு காயாத செருப்போடு நேரே முகாமிலிருந்து வந்திருந்தார். தலைவி திரும்பிப் பார்த்தார்.

"அடிப்பாவி, நீயா? அந்த நிலநடுக்கத்துல என் போர்வையைப் பிடுங்கிட்டுத் தூங்கினவதானே?"

"போர்வைக்குள்ள ஆறு குழந்தைங்க இருந்தாங்க. அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. குழுவின் எட்டாம் உறுப்பினர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். எல்லோரும் உள்ளே போனோம்.

தொடக்க உரை இயக்குநருடையது. பெண் தலைமையின் அவசியம் பற்றி, இடையில் தண்ணீர் மூன்று குவளை குடித்து, ஒரு மணி இருபது நிமிடம் பேசினார். பெண்கள் பேச வேண்டும் என்பதை அவ்வளவு விரிவாக வேறு எந்த ஆணும் பேசியதில்லை. முப்பதாவது நிமிடத்தில் மேடையில் தலைவியின் நாற்காலி காலியாக இருந்ததை நான் மட்டும் கவனித்தேன். அக்காவின் நாற்காலியும்.

ஒரு மணி நேரம் கடந்தும் அவர்கள் திரும்பாததால் தேடிப் போனேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் 'துப்புரவுப் பணி நடைபெறுகிறது' என்ற பலகை நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா கையில் திருப்புளி. தலைவி கையில் கைவிளக்கு, வாயில் நான்கு திருகாணி.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

தலைவி திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார். "நம்ம விதிப்புத்தகத்துல நாற்பத்தொண்ணாம் விதி படிச்சிருக்கியாப்பா? அவசரகாலத்துல முகாம் பொறுப்பாளர் நிறுவனத்தோட எந்தப் பொருளையும் முகாமுக்கு நகர்த்தலாம். நான்தான் எழுதினேன். இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு ஆள் பயன்படுத்தறா."

"மூணு மாடியிலயும் சேர்த்து ஆண்கள் பக்கம் பன்னிரண்டு" என்றார் அக்கா. "இது பன்னிரண்டாவது. பெண்கள் பக்கம் ஒண்ணையும் தொடல. ரசீது எழுதி வெச்சிருக்கேன். பிடிங்க."

பிடித்தேன். நேர்த்தியான ரசீது. 'பெற்றுக்கொண்டேன்: தாழ்ப்பாள், பித்தளை, பன்னிரண்டு.' குறை சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. கைதட்டல் சத்தம் கேட்டது. இயக்குநர் உரையை முடித்துவிட்டார். தலைவி கையைக் கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். இயக்குநர் எதிர்த் திசையில், சற்று விரைவாகவே வந்தார். உள்ளே நுழைந்தார். முதல் கதவு, இரண்டாம் கதவு, மூன்றாம் கதவு என்று சாத்திச் சாத்திப் பார்க்கும் ஓசை கேட்டது. சாத்திய கதவெல்லாம் நிதானமாகத் திறந்துகொண்டது. கட்டியவர் கொஞ்சம் சாய்த்துக் கட்டியிருந்தார்.

"யாருய்யா அங்க?"

"நான்தான் சார்."

"வந்து இந்தக் கதவைப் பிடி!"

போய் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி நின்றேன். வெளியே பிரதிநிதிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களும் கதவைச் சாத்திப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உயர் பதவியில் இருக்கும் ஆண்கள் துணைக்கு ஆள் தேடும் காட்சியை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

"இருக்கியா?" என்று உள்ளிருந்து குரல்.

"இருக்கேன் சார்."

"போயிடாதே. யாரோ பேசற சத்தம் கேக்குதே, யாரு?"

"பிரதிநிதிகள் சார். பதினஞ்சு பேர்."

"பதினஞ்சா!"

அப்போது நடைக் கதவுக்கு வெளியே நின்றபடி அக்கா கூப்பிட்டார். "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். என்னோட மூணாவது கடிதத்தோட நகலைக் கையோட கொண்டுவந்திருக்கேன். இன்னும் இருபத்தெட்டு தாழ்ப்பாள் வாங்கணும். ஒப்புதல் வேணும்."

"அக்கா, இப்ப... நான் கூட்டத்துல இருக்கேன்."

"அதுவும் சரிதான் சார், கூட்டம் நிறைய இருக்கு. அவசரமில்ல. ஏன் தம்பி, நன்றியுரை வாசிக்க உங்களை மேடையில தேடறாங்களே, போகலையா?"

"அவன் போக மாட்டான்!" என்று உள்ளிருந்து அலறல். "நீ போகாதே! அந்தக் காகிதத்தைக் கொடு!"

கடிதம் கைமாறிக் கைமாறி, பதினைந்து பிரதிநிதிகளைக் கடந்து, என்னிடம் வந்து, கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனது. என் பேனாவும் போனது. எழுபத்தொன்பது நாட்கள் நகராத கோப்பு, நான்கு நிமிடத்தில் ஒப்புதலாகி வெளியே வந்தது. 'மிக அவசரம்' என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். நிர்வாகத் திறமை என்றால் அது.

மேடையில் தலைவியின் உரை ஒரே நிமிடம். "பேச வந்தது ஒரு விஷயம். அதைச் செஞ்சாச்சு. மிச்சத்தை முகாமுல போய்ச் செய்யணும்" என்று சொல்லிவிட்டு, அக்காவோடு வாகனத்தில் ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கதவுகளில் பித்தளைத் தாழ்ப்பாள் ஏறியது. ஐந்தாம் நாள் மீதியும். அந்தப் பதினாலு வயதுப் பெண், தாழ்ப்பாளைத் திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளேயே கால்மணி நேரம் நின்றாளாம். வரிசையில் யாரும் அவளை அதட்டவில்லையாம். அக்கா சொன்னார்.

எங்கள் நிறுவனம் செய்த சாதனை உலகெங்கும் பேசப்பட்டது. பேச வைத்தவன் நான். ஆண்டு இறுதியில் 'மகளிர் நலனில் தொலைநோக்கு' விருது இயக்குநருக்கே வழங்கப்பட்டது. பாராட்டுப் பத்திரத்தை எழுதியதும் நான்தான். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க, முகாமிலிருந்து கையெழுத்து வாங்க வந்திருந்த அக்காவிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'துன்பத்தில் எழுந்த குரலைச் செவிமடுத்து, நான்கே நிமிடத்தில் நடவடிக்கை எடுத்தார்.' நல்லா இருக்கு தம்பி. ஆனா மூணு கடிதம் போட்டது நாங்க. மயங்கி விழுந்தது அந்தப் பொண்ணு. அப்ப எல்லாம் எழுபத்தொன்பது நாள். இந்த நாலு நிமிஷத்துல அவர் கேட்டாரே ஒரு குரல், அது யாரோடது?"

எனக்குப் பதில் தெரியும். கதவில் சாய்ந்து நின்று கேட்டவனே நான்தான்.

அக்கா பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பிழை ஒண்ணும் இல்ல. அச்சடிங்க. அவரோட குரலைத்தான் அவர் கேட்டாருன்னு, உண்மையைத்தானே எழுதியிருக்கீங்க."